காசு எங்கே நிற்கிறது? இணையக் கடைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் இணையத்தில் பணம் கட்டுவது, வாங்குவது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டண விகிதங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கீழே உள்ளவை வழக்கமான நிலவரம். கெடு நாட்களும் வரம்புகளும் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயும் வகுத்தவை.

சென்னிமலை வாசகி: பெட்ஷீட், துண்டு விக்கறதுக்குச் சொந்தமா ஒரு வெப்சைட் வெச்சிருக்கேனுங்க. ஒரு அம்மா ₹2,340 யுபிஐல கட்டினாங்க. அவங்க கணக்குல காசு போயிடுச்சு, எங்க சைட்டுல ஆர்டர் 'ஃபெயில்'னு நிக்குது. அவங்க என்னைத் திட்டறாங்க. நான் யாரைத் திட்டறதுங்க?

திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு, காசு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த அம்மா பின் நம்பரைப் போட்டதும் அவருடைய ஆப்பிலிருந்து, அந்த ஆப்போடு இணைந்த வங்கி வழியாக, என்பிசிஐயின் யுபிஐ சுவிட்சுக்குச் செய்தி போகிறது. சுவிட்ச் முதலில் அவருடைய வங்கியிடம் பற்று வைக்கச் சொல்லும். 'எடுத்தாச்சு' என்ற பதில் வந்த பிறகுதான் வாங்கும் பக்கத்து வங்கியிடம் வரவு வைக்கச் சொல்லும். அந்த வங்கியின் பதில் திரும்பி வந்து, உங்கள் வெப்சைட்டுக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனமான கேட்வேயைத் தொட்டு, கடைசியாகத்தான் உங்கள் வெப்சைட்டுக்கு வரும். எல்லாம் சரியாக ஓடினால் சில விநாடி வேலை.

ஆகவே 'காசு போயிடுச்சு, ஆர்டர் ஆகலை' என்பதற்கு இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று, பற்று ஆனது, வரவு ஆனதா என்ற பதில் நேரத்துக்குள் வரவில்லை. இதை இரு வங்கிகளும் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது சரி செய்வார்கள். காசு உங்கள் பக்கம் வந்து சேரும், இல்லையென்றால் அவருக்கே திரும்பும். இரண்டு, பற்றும் வரவும் ஆகிவிட்டன, கேட்வேக்கும் தெரிந்துவிட்டது, உங்கள் வெப்சைட்டுக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை. சிறிய கடைகளில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவதுதான். அதற்கு வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேட்வேயின் டேஷ்போர்டைத் திறந்து ஆர்டர் எண்ணை வைத்துத் தேடுங்கள். வெற்றி என்று காட்டினால் ஆர்டரைக் கையால் உறுதி செய்து சரக்கை அனுப்பிவிடலாம். அங்கேயும் இல்லையென்றால் அந்த அம்மாவிடம் 12 இலக்க யுடிஆர் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் வங்கிக் குறிப்பு எண்) கேட்டு வாங்குங்கள். ஆப்பில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இன்னொரு எண் இருக்கும். அது ஆப்பின் சொந்தக் குறிப்பு, வங்கியில் உடனே உதவாது. 12 இலக்கம்தான் இரண்டு வங்கிக்கும் பொது. தயவுசெய்து 'மறுபடி ஒரு தடவை கட்டிடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் காசும் பின்னால் வந்து சேர்ந்தால் இரட்டிப்பு ரீஃபண்ட் வேலை உங்கள் தலையில் விழும்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் கணக்கில் பற்று ஆகி, கடைக்கு உறுதி வராமல் போனால், பணம் கட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு, புகார் கொடுக்காமலேயே வரவு வைக்கப்பட வேண்டும். இணையத்தில் கார்டு வழியாகக் கட்டினாலும் இதே கெடுதான். தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ காசு எதிர்க்கணக்கில் சேராவிட்டால் கெடு ஒரே ஒரு நாள். இந்தக் கெடுவை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

திருப்பூர் வாசகர்: ₹5,000க்குப் பனியன் ஆர்டர் கிரெடிட் கார்டுல வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ₹4,882தான் கணக்குல விழுந்துச்சு. யுபிஐன்னா முழுசா வருதே, இதுல ₹118 எங்க போச்சுங்க?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 2% கட்டணம் ₹100, அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி ₹18. மஞ்சள் மண்டியில் கமிஷனையும் கூலியையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பது மாதிரிதான் இதுவும். அந்த ₹100-இல் பெரும்பங்கு கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகும். மிச்சத்தை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலையமைப்பும், உங்கள் பக்கத்து வங்கியும், கேட்வேயும் பங்கிட்டுக்கொள்ளும்.

வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் இந்தக் கட்டணம் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு: ஆண்டு விற்பனை ₹20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40%, அதற்கு மேல் 0.90%. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, பேரம் பேசுவதுதான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அது கிரெடிட் கார்டுக் கணக்கில் சேரும். யுபிஐ என்று வந்ததில் ஏன் பிடித்தம் என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்கவும். கேட்வே தன் சேவைக்கென்று தனியாக ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இரண்டு நாள் ஏன்? வாங்குபவர் ஓடிபி போட்டபோது அவருடைய வங்கி சொன்னது 'இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு' என்பதை மட்டும்தான். காசு கை மாறுவது அதற்குப் பிறகு, கார்டு வலையமைப்பின் கணக்குத் தீர்ப்பில். அது வந்து சேருமிடம் உங்கள் கணக்கு இல்லை. பேமென்ட் அக்ரிகேட்டர், அதாவது கேட்வே நிறுவனம், கடைக்காரர்களின் காசைப் பொறுப்பாக வைக்க ஒரு வங்கியில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கு. அங்கிருந்துதான் உங்களுக்கு, வழக்கமாக இரண்டு வேலை நாளில். வெள்ளி இரவு விற்றது செவ்வாய் வந்தால் பதற வேண்டாம்.

கணக்கு எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விற்பனை ₹4,882 என்று எழுதக் கூடாது. விற்பனை ₹5,000, கேட்வே செலவு ₹100, ₹18 ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அதை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பத்து ஆர்டரின் காசு ஒரே தொகையாக விழும் என்பதால், பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதவே முடியாது. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைத் தினமும் இறக்கி, ஆர்டர் வாரியாக ஒத்துப் பாருங்கள். இன்னொன்று: சரக்கு திரும்பி வந்து நீங்கள் ₹5,000-ஐ ரீஃபண்ட் செய்தாலும் அந்த ₹118 பெரும்பாலும் திரும்பாது. சைஸ் சரியில்லை என்று திரும்பி வரும் ஒவ்வொரு பனியனுக்கும் லாரி வாடகையோடு இதையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

கோவை வாசகர்: வெட் கிரைண்டர் உதிரி பாகம் விற்கும் கடைக்கு என் மகன் வெப்சைட் செய்து கொடுத்தான். பணம் கட்டியவர் 'நன்றி' பக்கத்துக்கு வந்தால் ஆர்டர் பதிவாகிறது. சிலர் கட்டியும் பதிவாகவில்லை. ஒருவர் கட்டாமலே பதிவானதாகக் காட்டுகிறது!

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வாங்குபவரின் பிரவுசரை நம்பி ஆர்டரைப் பதிவு செய்வது. கட்டி முடித்ததும் அவர் போனை மூடிவிட்டாலோ, சிக்னல் போனாலோ 'நன்றி' பக்கம் திறக்காது. அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்தவர் கட்டாமலே நேராகப் போய் அதைத் திறக்கலாம்.

கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்திக்கு வெப்ஹூக் என்று பெயர். ஆர்டர் பதிவாக வேண்டியது அதை வைத்துத்தான். செய்தியோடு ஒரு கையொப்பமும் வரும். உங்களிடம் உள்ள ரகசியச் சாவியைக் கொண்டு அதை நீங்களே கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும் ஏற்க வேண்டும். வந்த தொகையையும் உங்கள் டேட்டாபேஸில் உள்ள ஆர்டர் தொகையையும் ஒப்பிட வேண்டும். தொகையைப் பிரவுசரிலிருந்து வாங்கினால் ₹3,200 பொருளை ₹1க்கு வாங்க வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே வெப்ஹூக் இரண்டு மூன்று முறை வரும், அது கோளாறு இல்லை. உங்கள் பக்கம் பதில் தாமதித்தால் கேட்வே திரும்ப அனுப்பும். ஆகவே அந்தப் பேமென்ட் எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் இரண்டாவது ஆர்டர் போடாமல் 'வந்தது' என்று மட்டும் பதில் சொல்லி விட்டுவிட வேண்டும். வெப்ஹூக்கே வராத நேரமும் உண்டு. அதற்காகச் சில நிமிடம் கழித்து, நிலுவையில் நிற்கும் ஆர்டர்களின் நிலையைக் கேட்வேயிடம் கேட்டுப் பார்க்கும் ஒரு சிறு நிரலும் தேவை.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: பல கேட்வேக்களில் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும். ₹2,499 என்றால் 249900. வெறும் 2499 என்று அனுப்பினால் வாங்குபவர் கட்டுவது ₹24.99. சோதனை நிலையில் போலிக் காசு என்பதால் இது யார் கண்ணிலும் படாது. கடை திறந்த அன்று படும்.

பொள்ளாச்சி வாசகி: செக்கு எண்ணெய் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். யுபிஐ க்யூஆர் அட்டை ஒன்று அனுப்பினால் போதுமா, கேட்வே வாங்க வேண்டுமா?

ஆர்டர்களைக் கையால் சரிபார்க்க முடிகிற வரை யுபிஐ போதும். உங்கள் கையில் இருப்பது அச்சடித்த க்யூஆர் என்றால் அதில் உங்கள் யுபிஐ முகவரி மட்டும்தான் இருக்கும்; தொகையும் ஆர்டர் எண்ணும் இருக்காது. ஒரே நாளில் நான்கு பேர் ₹640 கட்டினால் எது யாருடையது என்று திணறுவீர்கள். ஆர்டருக்கு ஆர்டர் தொகையும் குறிப்பு எண்ணும் பதிந்த க்யூஆரோ, பேமென்ட் லிங்க்கோ அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. அது வரும்வரை, ஒவ்வொருவருக்கும் பைசாவை மாற்றி ₹640.11, ₹640.12 என்று கேட்பது சில்லறை வியாபாரிகளின் தந்திரம். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்யும்.

காசு வருவது கரண்ட் அக்கவுண்டாக இருக்கட்டும். கேட்வேக்கு விண்ணப்பிக்கும்போது பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாமல் நிராகரிப்பது மிகச் சாதாரணம். வெப்சைட்டில் விலை, தொடர்பு முகவரி, ரீஃபண்ட் கொள்கை, அந்தரங்கக் கொள்கைப் பக்கங்கள் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். பாலக்காடு பக்கத்தில்தானே இருக்கிறது என்று அனுப்பத் தொடங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்பனை ₹40 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை.

ஈரோடு வாசகர்: காசு போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் வருது, சரக்கை எடுத்துட்டுப் போயிடறாங்க. அப்புறம் பார்த்தா காசே வரலைங்க. என்ன பண்றது?

ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்கவே வேண்டாம். பச்சை டிக்கோடு அச்சு அசலாக வெற்றிப் பக்கம் காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன. வங்கி அனுப்புவது போலவே எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவார்கள். அனுப்பியது பத்து இலக்கச் செல்போன் எண்ணா என்று பாருங்கள், அப்படியென்றால் போலி. உங்கள் கணக்கில் வரவு விழுந்ததை உங்கள் ஆப்பில், உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் சரக்கு. கடைப் பையனிடம் கணக்கைத் திறந்து காட்ட மனமில்லை என்றால் வரவு விழுந்ததும் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

'தவறி ₹10,000 கூடப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க' என்று போன் வந்தாலும் இதே விதி. வரவு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்மையாகவே விழுந்திருந்தால் வேறு எண்ணுக்கு அனுப்பாமல், வந்த கணக்குக்கே வங்கி மூலம் திருப்புங்கள். பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் காசு வெளியே போகிறது என்றுதான் பொருள். இப்படி ஏமாற்றப் பெரிதும் பயன்பட்ட, தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மணி நேரக் கணக்கில் தள்ளிப்போட்டால் காசு நான்கு கணக்கு தாண்டிவிடும்.

கரூர் வாசகர்: மேஜை விரிப்பு வாங்கி நாலு மாசம் ஆகப்போகுது. இப்ப வந்து கேட்வே 'சார்ஜ்பேக்' என்று ₹8,600-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த விஷயத்தில் இது எப்படி நியாயம்?

கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியிடம் 'இந்தப் பரிவர்த்தனையை ஏற்க முடியாது' என்று முறையிட உரிமை உண்டு. கார்டு வலையமைப்புகளில் அதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை கெடு. உங்களுக்குப் பதில் சொல்லக் கிடைப்பதோ சில நாட்கள்தான். அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டாலே தோல்வி. எனவே கேட்வேயில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல், தினமும் யாராவது திறந்து பார்க்கும் முகவரியாக இருக்க வேண்டும்.

முதலில் காரணத்தைப் படியுங்கள், ஏனென்றால் பதில் அதைப் பொறுத்து மாறும். 'நான் செய்யவே இல்லை' என்ற மோசடிக் காரணம் என்றால், ஓடிபி மூலம் உறுதியான பரிவர்த்தனை என்பதைக் காட்டினால் பொறுப்பு பொதுவாக கார்டு கொடுத்த வங்கி பக்கம் போய்விடும். ஓடிபி இல்லாமல் நடந்த வெளிநாட்டுக் கார்டு என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'சரக்கு வரவில்லை' என்றால் கூரியர் ட்ராக்கிங் எண்ணும், கையெழுத்தோ டெலிவரி ஓடிபியோ உள்ள அத்தாட்சியும் வேண்டும். அத்தாட்சியில் உள்ள பின்கோடு ஆர்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். 'சொன்னது ஒன்று, வந்தது ஒன்று' என்றால் ஓடிபியும் கூரியர் ரசீதும் உதவாது. பொருள் பக்கத்தின் படம், அளவு, துணி விவரம், பேக்கிங் வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல், வாங்கும்போது அவர் ஒப்புக்கொண்ட ரீஃபண்ட் கொள்கை ஆகியவைதான் உதவும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். படிப்பவருக்கு உங்கள் கடையைத் தெரியாது, மேஜை விரிப்பைப் பற்றி அக்கறையும் இல்லை. முதல் பக்கத்தில் ஐந்து வரியில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

சார்ஜ்பேக் திறந்த பிறகு வாடிக்கையாளர் சமாதானமாகி, தனியாக ரீஃபண்ட் கேட்டால் அனுப்பாதீர்கள். இரண்டு வழியிலும் காசு போகும், ஒன்றை மீட்பது பெரும்பாடு. முன்பே ரீஃபண்ட் செய்திருந்தால் அதன் குறிப்பு எண்ணே போதுமான பதில்.

கரூரில் இன்னொரு காரணமும் இருக்க வாய்ப்பு உண்டு. வெப்சைட்டுக்கு ஒரு பிராண்ட் பெயர். பதிவு செய்த நிறுவனத்துக்கு வேறு பெயர். கார்டு ஸ்டேட்மென்ட்டில் நிறுவனப் பெயர் வந்தால், வாங்கியவருக்கே 'இது யாரு, நமக்குத் தெரியலையே' என்று தோன்றி முறையிடுவார். ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயரைக் கடைப் பெயராக மாற்றித்தரக் கேட்வேயிடம் கேளுங்கள்.

பல்லடம் வாசகர்: ஏதோ வடமாநிலத்துப் போலீஸ் புகார் என்று வங்கிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். நாங்கள் செய்த தப்பு என்ன?

தவறு எதுவும் செய்யாமலே இது நேரலாம். எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த காசு இரண்டு மூன்று கணக்கு தாண்டி, உங்களிடம் துணி வாங்கியவர் கையில் வந்து, அவர் அதை உங்களுக்குக் கட்டியிருப்பார். 1930-இல் புகார் பதிவானதும் காசு போன பாதையில் உள்ள கணக்குகளை வங்கிகள் நிறுத்தி வைக்கின்றன.

வங்கிக் கிளையில் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை, நாள், யுடிஆர் எண் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வரவுக்கான இன்வாய்ஸ், டெலிவரி ஆதாரம், உரையாடல், ஜிஎஸ்டி விவரம் ஆகியவற்றை அந்த அதிகாரிக்கு அனுப்பி, நகலை வங்கிக்குக் கொடுங்கள். கூடவே முழுக் கணக்கையும் முடக்காமல் சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி தனியாக ஒரு மனு கொடுங்கள். ₹9,000க்காக ₹9 லட்சத்தைப் பூட்டி வைப்பதை எதிர்த்து நீதிமன்றம் போய் நிவாரணம் பெற்றவர்கள் உண்டு. முன்பின் தெரியாதவர் பெரிய தொகைக்கு வாங்கும்போது, பில்லில் உள்ள பெயரும் காசு அனுப்பிய கணக்குப் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது நல்லது. மூன்றாம் நபர் கணக்கிலிருந்து வந்தால் காரணம் கேளுங்கள். கூலி கொடுக்கும் கணக்கையும் ஆன்லைன் வரவுக் கணக்கையும் பிரித்து வைத்தால், ஒன்று பூட்டினாலும் சனிக்கிழமை சம்பளம் நிற்காது.

பவானி வாசகர்: ஜமக்காளம் கேஷ் ஆன் டெலிவரியில் கொடுத்தால்தான் ஆர்டர் வருது. ஆனா பாதி திரும்பி வருதுங்க.

ஜமக்காளம் கனமான சரக்கு. போக வர இரண்டு வாடகையும் உங்கள் கணக்கு. கூரியர்காரர் வசூலித்த காசைச் சேர்த்து வைத்து, நாட்கள் கழித்து, தன் வசூல் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார். முன்பணத்தில் கேட்வேக்குப் போவது 2%. இதில் போவது அதைவிட அதிகம்.

முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. கூரியர் செலவு அளவுக்கு, உதாரணமாக ₹150, முன்கூட்டியே லிங்க்கில் வாங்கிக்கொண்டு மீதியை வீட்டு வாசலில் வாங்குங்கள். ₹150 கட்டியவர் பொதுவாகக் கதவைத் திறப்பார். அனுப்பும் முன் போன் செய்து உறுதி கேளுங்கள். முழுத் தொகையும் முன்பே கட்டுகிறவருக்குச் சிறு தள்ளுபடி கொடுங்கள். ஒரே பின்கோட்டிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பின்கோட்டுக்கு மட்டும் இந்த வசதியை மூடுங்கள்.

அவிநாசி வாசகர்: அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு உருப்படியாக டி-ஷர்ட் அனுப்ப ஆசை. கார்டில் கட்டுவார்கள். உள்நாட்டுக் கேட்வே போதுமா?

போதாது. வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி பெற்ற எல்லை தாண்டிய பேமென்ட் அக்ரிகேட்டர் வேண்டும். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வகுத்தது. உங்கள் பக்கம் ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டியில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும், டாலரை ரூபாயாக்கும் விகிதத்திலும் கொஞ்சம் போகும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காமல், நூறு டாலருக்குக் கையில் எத்தனை ரூபாய் வந்தது என்று பாருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் கூரியர் படிவம். 'சாம்பிள்தானே, கிஃப்ட்தானே' என்று சிஎஸ்பி-4 (கூரியர் ஷிப்பிங் பில்) வகையில் அனுப்பிவிட்டு, காசு மட்டும் ஏற்றுமதிக் காசாக வந்தால், வங்கியில் காட்டப் பொருத்தமான ஷிப்பிங் பில் இருக்காது. விற்பனைச் சரக்கு சிஎஸ்பி-5 வகையில் போக வேண்டும். பணம் வந்ததற்கான சான்றிதழை மாதந்தோறும் வாங்கி, இன்வாய்ஸ் எண்ணோடு கோத்து வையுங்கள். அங்கிருந்து வரும் கார்டுகளில் ஓடிபி இல்லாமல் போவதும் உண்டு. முதல்முறை வாங்குபவர் ஒரே நேரத்தில் ஐம்பது உருப்படி, அவசரக் கூரியர், வேறு நாட்டு முகவரி என்று கேட்டால் ஒரு நாள் நிறுத்தி விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

கோபி வாசகி: ஷாப்பிங் ஆப்பில் 'கார்டைச் சேமிக்கட்டுமா' என்று கேட்கிறது. சரி என்று சொன்னால் ஆபத்தா?

2022 அக்டோபர் 1 முதல் கடைகளோ கேட்வேக்களோ கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. அவர்களிடம் இருப்பது டோக்கன் என்ற மாற்று எண். அந்தக் கடைக்கு மட்டும் உரியது. திருடிக்கொண்டு போய் வேறு கடையில் போட்டால் செல்லாது. சிவிவியைச் சேமிக்க எப்போதுமே யாருக்கும் அனுமதி இல்லை. ஆகவே நம்பிக்கையான கடையில் சேமிக்கலாம். அதைவிட முக்கியமாக, வங்கி ஆப்பில் கார்டின் 'வெளிநாட்டுப் பயன்பாடு' நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே எடுக்கும்.

உடுமலை வாசகர்: மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாவை எப்படி நிறுத்துவது? ஆப்பை நீக்கியும் கழிகிறது.

ஆப்பை நீக்கினால் நீங்கள் கொடுத்த அனுமதி நீங்காது. யுபிஐயில் கொடுத்தது என்றால் உங்கள் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். கார்டில் கொடுத்தது என்றால் வங்கியின் இ-மேண்டேட் பக்கத்தில். ₹15,000 வரை ஓடிபி இல்லாமல் கழியும், ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வர வேண்டும். அந்தச் செய்தியிலேயே விலகிக்கொள்ளும் வழியும் இருக்கும். முன்னறிவிப்பே வராமல் கழிந்திருந்தால் வங்கியில் எழுத்துப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, கட்டணமின்றி, முறையிடலாம்.